ஜெரியின் வினைமுற்று

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு, இராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் மகன் ஜெரி தன் வீட்டுச் சமையலறையில் பேசிய ஒரு வாக்கியத்தின் வினைமுற்று, அன்று மாலை நான்கரை மணிக்கு அதே சமையலறைக்குத் தனியாக வந்து சேர்ந்தது. காலையில் அவன் தாய் வியாகுலம்மாள், "இட்லி துன்ட்டியாடா?" என்று கேட்டதற்கு அவன், "மா, நான் இட்லி" என்று சொல்லி நின்றுவிட்டான். எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, செயல் மட்டும் இல்லை. தமிழில் உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தெரியும் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் மேலும் நான்கு இட்லிகளை வைத்தாள். அவன் மறுக்க வாயெடுத்தான். மறுப்பும் வினைமுற்றில் அடங்கியது ஆகையால் அதுவும் வெளிவரவில்லை. நான்கையும் உண்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். மாலையில் அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, அடுப்புக்கு மேலே ஆள் உயரத்தில், ஆளில்லாமல், மகனின் குரல் "துன்ட்டேன்" என்றது. "இத்த காலைலயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு அவள் மீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்குக் காரணம் ஜப்பானிய மொழி. மொழியின் மீது பழியில்லை. அது கற்பிக்கப்பட்ட முறையின் மீதுதான் பழி. ஜெரி கணினிப் பொறியியல் படித்தவன். அந்தப் படிப்புக்கு அவனுக்குக் கிடைத்தது எண்ணூர் சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில், உள்ளே நுழையும் பெட்டிகளின் எண்களைக் கணினியில் ஏற்றும் வேலை. ஜப்பானில் மென்பொருள் சோதிக்க ஆள் கிடைப்பதில்லை, மொழி தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, டோல்கேட்டில் முட்டை மண்டிக்கு மேல்மாடியில் நடந்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். அதை நடத்தியவர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரத்தில் நிலைபெற்ற ராசையாவின் மகன் சுடலைராஜ். வாசலில் தொங்கிய பலகையில் 'ஜப்பானிய மொழி கற்றுகொடுக்கபடும்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லில் இரண்டு ஒற்றுகள் வர வேண்டும். அவை இன்றுவரை வரவில்லை.

சுடலைராஜ் தேர்வை நன்கறிந்தவர். மொழியை அறிந்தவர் என்று அவர்மீது எவரும் குற்றம் சாட்டியதில்லை. அந்தத் தேர்வில் வாய்திறந்து பேச வேண்டிய பகுதி கிடையாது. கேள்விக்கு நான்கு விடைகள் அச்சிட்டிருக்கும், ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரும்பேறு. அந்தப் பெரும்பேற்றைச் சுடலைராஜ் பின்வருமாறு பயன்படுத்தினார்: "ஏ தம்பி, மொதல்லேர்ந்து முக்காவாசி வரைக்கும் மனப்பாடம் பண்ணு. கடைசி வார்த்தைக்கு மண்டைய ஒடைக்காத. அத அவனே கீழ நாலா குடுத்திருப்பாம்லா? ஒண்ணத் தொடு, சோலி முடிஞ்சு." மாணவர்கள் ஆறு மாதம் இப்படியே பயின்றார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இறுதிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, மேசையை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போனார்கள். ஆறாம் மாதம் கோடிட்ட இடம் அவர்கள் வாய்க்குள்ளேயே குடியேறிவிட்டது. வியாசர்பாடிப் பையன் ஒருவனுடைய வினைமுற்றுகள் மறுநாள் காலையில் வந்தன. காலடிப்பேட்டைப் பெண் ஒருத்தியுடையது வந்து சேர்ந்தபோது, அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்த மாப்பிள்ளையுடன் நிச்சயதார்த்தம் முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. ஜெரியினுடையவை, சொன்ன இடத்துக்கே, அன்றைய பொழுது சாய்வதற்குள் வந்துவிடும். வகுப்பிலேயே அவன்தான் சிறந்த மாணவன் என்று சுடலைராஜ் அறிவித்தார்.

தெருவில் வினைமுற்று என்ற சொல் புழக்கத்தில் இல்லாமையால் அதை 'வால்' என்றார்கள். "இன்னாக்கா, உன் புள்ள வாலு வன்ச்சா?" என்று எதிர்வீட்டுப் பெண்கள் வியாகுலம்மாளைக் கேட்பது, தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பதைப் போல வழக்கமாகிவிட்டது. டீக்கடையில் ஜெரி "மாஸ்டர், எனக்கு ஒரு டீ" என்றால் மாஸ்டர், "வோணுமா வாணாமா மாமு? வாலு வர்ற வரிக்கும் பால் தாங்காது" என்பார். மெய்யாகவே அது அவனுடைய முழு வாக்கியம்தான் என்பதை யாரும் நம்பவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அவன், "சாமி, நான் பொய்" என்று நிறுத்தினான். பங்குத்தந்தை சற்றுக் காத்திருந்து பார்த்துவிட்டு, சொன்னதற்கும் சொல்லாததற்கும் சேர்த்தே பரிகாரம் விதித்தார். இவை எல்லாவற்றையும் வியாகுலம்மாள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஜப்பானுக்குப் போனால் மகன் திரும்பி வருவானா, அங்கேயே தங்கிவிடுவானா? அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் மாலையில் வரும். அப்போது தான் வீட்டில் தனியாக இருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூலையில் நடந்த தேர்வில் ஜெரி உயர்ந்த மதிப்பெண் பெற்றான். செப்டம்பரில் நகோயா நகரத்து நிறுவனம் ஒன்று அவனைக் கணினித்திரை வழியாக நேர்காணலுக்கு அழைத்தது. வெடிப்பு தெரியாதபடி சுவரில் ஒரு வெள்ளை வேட்டி மாட்டப்பட்டது. ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்கத் தாமே கதவோரம் நின்றார். திரையில் மூன்று கனவான்கள் தோன்றினார்கள். உன் குறைகள் யாவை, அதிக நேரம் வேலை செய்வாயா, மேலதிகாரி தவறு செய்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். ஜெரி ஒவ்வொன்றுக்கும் பதிலை அழகாகத் தொடங்கி, முக்கால் பங்கு சென்று, விரலால் மேசையை மெல்லத் தட்டி, தலைகுனிந்தான். கனவான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்டில் வாக்கியத்தை முழுவதுமாகச் சொல்லி முடிப்பது பல இடங்களில் சற்று முரட்டுத்தனம். இறுதிச் சொல்லைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுவதே பண்பாடு. இராயபுரத்தில் நோய் எனப்பட்டது, திரைக்கு அந்தப் பக்கம் வளர்ப்பு எனப்பட்டது.

அக்டோபர் முதல் தேதி வந்து பணியில் சேர இயலுமா என்று அவர்கள் இறுதியாகக் கேட்டபோது, தெருவில் தண்ணீர் லாரி ஒலி எழுப்பியது. "ஜெரி! லாரி வன்ட்ச்சி, கொடத்த எட்துகினு வாடா!" என்று வியாகுலம்மாள் கூவினாள். கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு ஜப்பானியத்தில் 'சொத்தோ மத்தே குதாசாய்' என்பார்கள். 'சொத்தோ' என்றால் கொஞ்சம், எஞ்சியது வினை. ஜெரி "சொத்தோ" என்றான். வினை வரவில்லை. அவர்கள் மொழியில் வெறும் 'சொத்தோ' என்று இழுத்து நிறுத்தினால், மன்னிக்க வேண்டும், இது எனக்கு இயலாது என்று பொருள். மூவரும் எழுந்து நின்று ஆழ்ந்து குனிந்தார்கள். திரை அணைந்தது. வேலை போயிற்று என்று ஜெரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மாலையில் கூடத்தில், மூடிய மடிக்கணினிக்கு மேலே, "மத்தே குதாசாய்" என்று குரல் வந்தது. மகன் மத்துக் கேட்கிறான் என்று எண்ணி, வியாகுலம்மாள் பருப்புக் கடையும் மத்தைக் கழுவிக் கொண்டுவந்து வெற்று நாற்காலியின் முன் வைத்தாள்.

பத்து நாளில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. எதைக் கேட்டாலும் முடியும், முடியும் என்றே சொல்லிப் பழகியவர்கள் வெளிநாட்டவர், மறுப்பதை மறுப்பாகத் தெரியாமல் செய்யத் தெரிந்த ஒருவரைத் தாங்கள் முதன்முறையாகக் கண்டோம், அக்டோபர் வசதிப்படாது என்பதை உணர்ந்துகொண்டோம், ஜனவரியில் வரலாம், மென்பொருள் சோதிக்கும் வேலை இவருடைய தகுதிக்குக் குறைவு என்று கருதி, வாடிக்கையாளர் தொடர்பில் அமர்த்துகிறோம் என்று அதில் கண்டிருந்தது. மென்பொருள் எப்போது தயாராகும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்காமல் விடுவதே அந்த வேலை. சுடலைராஜ் டோல்கேட்டில் ஜெரியின் படத்துடன் பதாகை வைத்தார். பாடத்திட்டத்தில் எஞ்சியிருந்த வினைச்சொற்களையும் நீக்கினார். அடுத்த பிரிவில் மாணவர் தொகை மூன்று மடங்காயிற்று. பொழுது சாய்ந்தால் டோல்கேட் சந்திப்பில் 'வரேன்', 'தரேன்', 'பாத்துக்கிறேன்' என்று உடையவர் இல்லாத வினைமுற்றுகள் பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் காதில் மோதின. தேர்தல் காலமோ என்று சிலர் நினைத்தார்கள்.

2025 ஜனவரியில் புறப்பட்ட அன்று ஜெரி பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். தாய் திரும்பாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் கேட்டாள்: "இன்னாடா, அங்கயே குந்திக்குவியா?" அவன், "மா, நான் திரும்பி" என்றான். அவள் சோப்புக் கையோடு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அவளுடைய நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "வாலை கண்டெய்னர்ல ஏத்திக்கீறான் போல. கொழும்பு, சிங்கப்பூர்லாம் சுத்திக்கினு மெதுவாத்தான் வரும்" என்று ஸ்டானிஸ்லாஸ் தமக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தொலைபேசியில் அழைத்தான். கேட்டால், "அதான் மா, நான்" என்பான். எழுதி அனுப்பச் சொன்னால், தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்ற குறிப்பு திரையில் தோன்றி, நெடுநேரம் நின்று, மறையும். அண்டை வீட்டார் இரங்கினார்கள். வியாகுலம்மாள் அவர்களை இரங்க விடவில்லை. கனடாவில் செவிலியாக இருக்கும் அவளுடைய மூத்த மகள் ஜூடி, ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "அடுத்த வருஷம் நான் கண்டிப்பா வரேம்மா" என்று சொல்லிவருகிறாள். எழுவாய், காலம், உறுதி, வினைமுற்று எல்லாம் முறையாக அமைந்த, இலக்கணப் பிழையற்ற வாக்கியம். அவள் வரவில்லை. "முழுசா சொன்னவ இன்னா கிழிச்சா? இவன் இன்னும் சொல்லி முடிக்கலல்ல? இருக்கட்டும்" என்றாள் தாய்.

2026 பிப்ரவரியில் வீட்டுச் சொந்தக்காரர் சௌக்கத் அலி, பழைய கட்டடம் தாங்காது, இடித்து மூன்று மாடி எழுப்பப்போவதாகச் சொன்னார். கட்டி முடித்ததும் முதல் மாடியை இவர்களுக்கே தருவதாகவும் சொன்னார். வியாகுலம்மாள் சமையலறையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேல புதுசா கிச்சன் போட்டுத் தர்றேங்கா. மார்பிள் கல்லு."

"மேல அதுக்கு வழி தெரியாது பாய்."

"எதுக்குக்கா?"

"சொன்ன எடத்துக்குத்தான் வரும். இங்க வன்ட்டு, செவுரு இல்லாம தெருவுல நின்னுகினு இருந்தா யாரு கேப்பா?"

சௌக்கத் அலி நெடுநேரம் அடுப்புக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனும் வெளிநாட்டில்தான், ரியாத்தில் இருக்கிறான். மறுநாள் பொறியாளரை அழைத்து வந்தார். பொறியாளர் அளந்து பார்த்து, செலவு கூடும், ஆனால் செய்யலாம் என்றார். இறுதியில் முடிவு செய்யப்பட்டது இதுதான்: வீடு இடிக்கப்படும்; சமையலறை மட்டும் அதன் பழைய சுவர், தளம், கரி பிடித்த சன்னல் ஆகியவற்றோடு இருந்த இடத்திலேயே நிற்கும்; புதிய தூண்கள் அதைச் சுற்றிக்கொண்டு மேலே போகும்; வேலை நடக்கும் காலத்தில் தம்பதியர் எதிர்வீட்டில் தங்குவர், பகலில் வியாகுலம்மாள் வந்து அங்கேயே சமைப்பாள்; வினைமுற்று எதுவாக இருந்தாலும், அது வந்து சேர்ந்த பிறகே அந்தச் சுவரில் கை வைக்கப்படும். வரைபடத்தைப் பார்த்த மாநகராட்சியும் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.