குச்சியில் செருகிய டென்னிஸ் பந்து

திங்கள்கிழமை காலை, பாரீஸில் லியோன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் நின்றபடியே நோல்வென் பேப்பரைப் பிரித்தாள். நான்கு வருடம் உயிரைக் கொடுத்து எடுத்த அவளுடைய முதல் படம் புதன்கிழமை வெளியாகிறது. போன வாரம் விமர்சகர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டியிருந்தார்கள். அவர்களில் பெரியவர் அன்செல்ம் பிரிசாக். அவர் எழுதிவிட்டால் அந்தப் படத்துக்கு ஜாதகம் கணித்தாயிற்று என்று அர்த்தம்.

ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்! நோல்வெனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகுதான் படித்தாள்.

'வேற்றுக்கிரகம் என்று சொல்லிவிட்டு வெறும் பச்சைத் துணியைக் காட்டும் துணிச்சலை என்னவென்பது! இறந்த கணவனின் குரலில் ஒரு கடல்விலங்கு பேசும் என்று காத்திருந்தால், வருவது குச்சியில் செருகிய டென்னிஸ் பந்து. அந்தப் பந்தைப் பார்த்து விதவை கதறுகிறாள். மணவாழ்வின் வெறுமையை இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் யாரும் காட்டியதில்லை.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக் காப்பி சட்டையில்.

நடிகை எங்கே பார்க்க வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பில் நீட்டிய பந்து அது. பிறகு அதை அழித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டரில் விலங்கை வரைந்தார்கள். அதன் கண்ணிமைக்கு மட்டும் எட்டுப் பேர், இரண்டு வருடம். பச்சைத் துணியை மறைத்து வரைந்த இரண்டு நிலாக்கள், கரும்பாசிக் கடல் என்று மற்றதெல்லாம் தனி.

தயாரிப்பாளர் கோன்த்ரானுக்குப் போன் போட்டாள்.

"விஷயம் தெரிஞ்சுபோச்சா?" என்றார் அவர். "நம்ம ஆபீஸ்ல மாத்தி அனுப்பிட்டாங்க. மார்ச் மாசத்து அரைகுறைப் பிரதி."

"அறுபது பேர் பார்த்திருக்காங்க! ஒருத்தர்கூடவா கேக்கலை?"

"ஒருத்தர் கேக்கத்தான் எந்திரிச்சாராம். பிரிசாக் ஏதோ விறுவிறுன்னு குறிப்பெடுக்கிறதைப் பாத்துட்டு மறுபடி உக்காந்து, அவரும் எழுத ஆரம்பிச்சுட்டாராம்."

"ஐயோ!"

"ஏம்மா ஐயோங்கிறே? பன்னெண்டு பத்திரிகை, ஒம்பதுல அஞ்சு நட்சத்திரம். புதன்கிழமை இதையே விட்டுடுவோம். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

இயக்குநர் கையெழுத்தில்லாமல் முடிந்த படத்தில் ஒரு நொடியைக்கூட யாரும் மாற்ற முடியாது. பிரெஞ்சுச் சட்டம் அப்படி. அவள் போட்டால், கண்ணிமை செத்தது. போடாவிட்டால், முட்டாளாகிப்போன ஒன்பது பேரும் சேர்ந்து அவளைத் தின்றுவிடுவார்கள்.

பிரிசாக்கையே கேட்டுவிடலாம் என்று போனாள். மத்தியானம் அவர் வழக்கமான மேஜையில், கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு குடல் சாசேஜை அறுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். முள்கரண்டி பாதி வழியில் நின்றது. முகம் வெளிறியது.

"பச்சை டைட்ஸ்ல ஒரு ஆள் வந்தானே... அவன்தானே மரணம்?"

"அவன் லோயிக் சார். பந்து பிடிக்கிறவன்."

பிரிசாக் ஒரு கிளாஸ் ஒயினை ஒரே மடக்காகக் குடித்தார். "அவனைப் பத்தி ரெண்டு பத்தி எழுதியிருக்கேன்" என்றார் ஈனஸ்வரத்தில். பிறகு சுதாரித்துக்கொண்டார். "மேடம், எடுத்தவங்களுக்கே சில சமயம் தாங்க எடுத்தது புரியாது. அந்தக் கையெழுத்தைப் போட்டுடுங்க. என்னை விடுங்க, என்னைப் பாத்து எழுதினவங்க பதினோரு பேர். அவங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

"ஒரு திருத்தம் எழுத மாட்டீங்களா சார்?"

"முப்பது வருஷமா எழுதினதில்லை. கைக்குப் பழக்கமில்லை."

நோல்வென் எழுந்தாள். கோன்த்ரானைக் கூப்பிட்டு, "போட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அலறுவதைக் கேட்காமல் போனை அணைத்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி, முதல் காட்சி. அதற்கு வரும் தலைகளை எண்ணித்தான் படத்தின் விதியைச் சொல்வார்கள். தேறியது முப்பத்தொரு தலைதான். பத்தாவது நிமிடத்தில் ஒரு மாணவன், "எங்கடா பச்சை? ஏமாத்துறாங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து போனான். பின்னாலேயே நாலு பேர்.

பிறகு கடல் பிளந்து விலங்கு எழுந்தது. செத்தவனின் குரலில் மனைவி பெயரைச் சொன்னது. இமை மெல்லத் தாழ்ந்து உயர்ந்தது. அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. பின்வரிசையில் மட்டும் யாரோ விசும்புவது கேட்டது.

விளக்குப் போட்டதும் திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார் பிரிசாக்.

"சார்!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அவர் திடுக்கிட்டார். "நல்லா இருக்கு மேடம். அந்த இமை..." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்ப நான் இதை எப்படி எழுதுறது?"

வியாழக்கிழமை பேப்பரில் எழுதிவிட்டார். ஒரு நட்சத்திரம். 'பந்தைக் கொன்றுவிட்டார்கள்' என்று தலைப்பு.

நோல்வென் அதே காப்பிக்கடையில் நின்று அதை மூன்று முறை படித்தாள். நம்ப முடியவில்லை. பக்கத்தில் காப்பிக்கு நின்ற பெண்மணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் படமா? நேத்து பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு" என்றாள். "பந்துன்னு எழுதியிருக்கானே, இந்த ஆளுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா?"