அமலினியின் பங்கு

...ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம், இரண்டு மாதமாக அரசாங்கம் தரும் பிள்ளைக்காசு பாதியாக வருகிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை, புருசன் விமலராஜைக் கேட்டால் எல்லாருக்கும் வெட்டுறாங்கள், உனக்கு மட்டுமா என்று சொல்லிவிட்டு மொண்டெல்லோ ரெஸ்ரோறன்றுக்குக் கோப்பை கழுவப் போய்விட்டார், அவருக்கென்ன, கடைக்குப் போவதும் சின்னவன் கன்ரைனின் சப்பாத்து கிழிவதும் அவர் கண்ணில் படுமா... வியாழன் பின்னேரம் சின்யோரா வீட்டு வேலைக்கு விடுமுறை, லிபெர்த்தா தெருவிலிருந்து நேரே பிள்ளைக்காசுக்கு எழுதிக் கொடுக்கிற இந்த அலுவலகத்துக்கு வந்தாயிற்று, றோசமலர் பையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள், கதிரைகள் வெறுமையாக இருந்தன, ஒரு சிசிலிக் கிழவர் மட்டும் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இப்படியா? விடிய முதல் வந்து நம்பர் எடுக்க வேண்டும், வரிசை படியிறங்கித் தெருவுக்குப் போகும், அதில் பாதி எங்கள் தமிழ் முகம், அருள்நாயகி குடும்பம் இத்தாலிப் பாஸ்போட் கிடைத்த கையோடு லண்டனுக்குப் போய்விட்டது, செல்வமலரின் கடைசிக்கு இருபத்தொன்று முடிய அவளுக்கும் காசு நின்றது, அன்ரனியின் மகன் கலியாணம் முடித்து நாலு வருடம், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாமாம், மாதா கோவிலில் இந்த முறை முதல் நன்மை வாங்க நாலே நாலு பிள்ளைகள், வெள்ளைச் சட்டைகளால் இரண்டு வரிசை வாங்கு நிறைந்த காலம் ஒன்று இருந்தது... குறைகிறது, எல்லாம் குறைகிறது, அந்தக் குறைச்சலில் என்னையும் சேர்த்துவிட்டார்கள், அதுதான்.

மேசையில் இருக்கிற அலுவலகப் பெண் மொனிகா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். இந்த மேசைக்கு முன்னால் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை, பக்கத்துக் கதிரையில் எப்போதும் அமலினி இருப்பாள், ஒன்பது வயதில் கால் நிலத்தில் முட்டாது, ஆனாலும் பெரிய மனுசி மாதிரி ஒவ்வொரு தாளையும் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், வருமானம், வாடகை, வீட்டில் எத்தனை பேர்... ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில், அம்மா, நாங்கள் ஏழையளோ என்று கேட்டாள், என்ன சொன்னேன்? இறங்கிற இடம் வந்திட்டுது, எழும்பு என்று சொன்னேன். இன்றைக்கு வரச் சொன்னதற்கு, "வகுப்பு இருக்கு அம்மா, நீங்கள் போங்கோ" என்றாள், தலையை நிமிர்த்தவில்லை, பத்தொன்பது வயது, நேர்சிங் படிப்பு, சரிதான், எப்போதும் இழுத்துக்கொண்டு திரிய முடியுமா? மொனிகா கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே, வருடா வருடம் இந்தக் காசு எடுக்கிற குடும்பங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, இப்படியே போனால் தனக்கும் இங்கே வேலை இருக்காது என்று சிரித்தாள், றோசமலரும் தலையாட்டினாள், பிறகு மொனிகா சிரிப்பை நிறுத்தி, உங்கள் காசு வெட்டப்படவில்லை சின்யோரா என்றாள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால் தன் பங்கைத் தன் கணக்குக்கே நேரே கேட்டு வாங்கலாம், சட்டம் அப்படி, தாயின் கையெழுத்துத் தேவையில்லை, உங்கள் மகள் ஜனவரி பத்தொன்பதாம் திகதி விண்ணப்பித்திருக்கிறாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, திரையைத் திருப்பிக் காட்டியே சொன்னாள்.

ஜனவரி பத்தொன்பது... என்ன நாள் அது? சண்டை ஒன்றும் நினைவில் இல்லை, சாதாரண நாளாக இருந்திருக்கும், சோறு சாப்பிட்டிருப்போம், அவள் கோப்பையைக் கழுவி வைத்திருப்பாள், அதன் பிறகு தன் அறையில் இருந்து... றோசமலர் பஸ் தரிப்பில் நின்றாள், வீட்டுப் பக்கம் போகிற பிரான்காச்சோ பஸ்ஸைக் காணவில்லை, வெயில் இதமாக இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. கொடுத்திருப்பேனா? கார்த்திகையில் சிநேகிதிகளோடு மிலானுக்குப் போக ரிக்கெற் கேட்டாள், பிறகு பார்ப்பம் என்றேன், அந்த மாதந்தான் மன்னாரில் தம்பியின் வீட்டுக் கூரைக்குக் காசு அனுப்பியது, அனுப்பித் தந்ததும் அவள்தான், தன் ரெலிபோனில், ஒரு சொல் சொல்லாமல், அவள் பெயரில் வந்த காசு என்று அவளுக்குத் தெரியாதா, எல்லாத் தாளையும் வாசித்தவள் அவளல்லவா... கோபம் வர வேண்டும், ஏன் வரவில்லை? விமலராஜ் அறிந்தால் வீடு இரண்டுபடும். சொல்லாமல் விடலாம், அரசாங்கம்தான் வெட்டினது என்றே இருக்கட்டும், அரசாங்கம் வந்து மறுக்கவா போகிறது?

ரெலிபோன் அடித்தது. அமலினி.

"என்னவாம் அம்மா?"

குரலில் ஒரு இறுக்கம், வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நீ செய்தது தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள், வந்தது வேறு.

"விளங்கேல்லைப் பிள்ளை. அவ கடகடவெண்டு கெதியாக் கதைச்சவா."



"நான் ஒருக்காப் போய்க் கேக்கட்டோ? திங்கக்கிழமை நேரமிருக்கு. ரெண்டு பேருமாப் போவம்."

"ஓம், போவம்," என்றாள் றோசமலர், சொன்னதும் நெஞ்சு லேசானது, அந்த லேசுதான் அவளைத் திடுக்கிட வைத்தது, ஏனென்றால் மொனிகா சொன்னதில் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை, சிரித்தது, நிறுத்தியது, திகதி, சட்டம், எல்லாம் நேரே உள்ளே போயிற்று, யாரும் தமிழில் சொல்லவில்லை, அப்படியானால் இவ்வளவு இத்தாலியன் எப்போது வந்தது, போன வருடமா, அதற்கும் முந்தியா, அந்த மேசைக்கு முன்னால் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, என்னவாம், என்னவாம் என்று கேட்ட அத்தனை முறையிலும்... எத்தனை முறை உண்மையாகவே விளங்காமல் இருந்தது?