சுத்தம் செய்து தந்த விதை

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ஆஸியாவின் கொச்சிக்காய் மிளகாய் நாற்றுகள் மட்டும் அழுகுவதில்லை. ஒக்டோபர் மழையில் மற்றவர்களின் நாற்றுமேடைகளில் கன்றுகள் கழுத்து நைந்து சாயும்போது அவளுடையவை நிமிர்ந்து நிற்கும். பதினைந்து வருடமாகத் தன் தோட்டத்துப் பழத்திலிருந்தே விதை எடுத்து வந்தாள். அழுகாததற்கு என்ன காரணம் என்று அவளுக்கே தெரியாது.

கண்டுபிடித்தவள் கைறுன்னிஸா. முதலாம் வகுப்பிலிருந்து ஆஸியாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்; இப்போது ஒரு விதை ஆராய்ச்சிக் கந்தோரில் வேலை செய்கிறாள். கொஞ்சம் விதை கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, ஆஸியாவின் குசினியில் உட்கார்ந்து சொன்னாள்.

"தோல்ல இல்ல புள்ள, விதைக்குள்ளயே ஈக்கி. ஒரு நல்ல பக்டீரியா. தாய்ச்செடி காய்க்கிற நேரமே அத உள்ள வெச்சு அனுப்புது. முளைச்ச உடனே அது வேரச் சுத்தி நின்டு அழுகல வர விடுதில்ல."

"அப்ப என்ட செடி தன்ட புள்ளைக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கா?"

இருவரும் சிரித்தார்கள். எந்தச் செடியில் விதை எடுப்பாள், ஏன் கழுவாமல் நிழலில் உலர்த்துவாள் என்று எல்லாவற்றையும் ஆஸியா சொன்னாள். நாற்றைக் கையில் பிடித்துக் காட்டினாள். கைறுன்னிஸா போனில் படம் எடுத்தாள்.

அடுத்த வருடம் விதைக்கும் காலத்துக்கு முன்னால் அவள் அவசரமாக வந்தாள். "உன்ட விதையில ஒரு நோயும் சேந்து வருது. இப்பிடியே போட்டா ஊருக்கே பரவும். ஈக்கிறதெல்லாம் தா, சுடுதண்ணியிலயும் மருந்துலயும் போட்டுச் சுத்தம் பண்ணித் தாறேன். பழைய செடியெல்லாம் புடுங்கி எரிச்சிடு."

ஆஸியா விதை டின்னைக் கவிழ்த்துக் கொட்டிக் கொடுத்தாள். ஒரு விதைகூட வைத்துக்கொள்ளவில்லை. செடிகளையும் எரித்தாள். நாலாம் நாள் விதை பளபளவென்று திரும்பி வந்தது.

அந்த மழையில் அவளுடைய மேடைகள் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. தன் கையில்தான் ஏதோ பிழை என்று நினைத்து கைறுன்னிஸாவுக்குப் போன் எடுத்து அழுதாள். "மழை கூட, புள்ள. மனச விட்டுடாத" என்று அவள் ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைத்தான் பிறகு ஆஸியாவால் மறக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாத்தளையில், பயிர்மருந்துக் கடைக்காரர் றம்ஸீன் ஒரு சின்னப் போத்தலை நீட்டினார். "புதுசா ஒரு கம்பனி போட்டிருக்கு. விதையில பூசிப் போட்டா நாத்து அழுகாதாம்." போத்தலில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு கை நாற்றைப் பிடித்திருந்தது. பெருவிரலில் கத்தி வெட்டிய தழும்பு. ஆஸியா தன் பெருவிரலைப் பார்த்தாள்.

நேரே கைறுன்னிஸாவின் வீட்டுக்குப் போனாள். போத்தலை மேசையில் வைத்துக் கேட்டாள்.

"என்ட விதையில நோய் இருந்திச்சா?"

கைறுன்னிஸா போத்தலைப் படம் தெரியாதபடி திருப்பி வைத்தாள். "இல்ல" என்றாள். "அந்தப் பக்டீரியா வேற ஒருத்தர்ட கையிலயும் உயிரோட இருக்கக் கூடாதுன்னு கம்பனி சொன்னிச்சு. எனக்கு அங்க பெரிய வேலை தாறதாச் சொன்னாங்க."

"கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே நிஸா."

"தந்திருப்பாய். ஆனா ஊருக்கெல்லாம் குடுத்துமிருப்பாய்."

அது உண்மை. அதனால் இன்னும் வலித்தது. கைறுன்னிஸா உள்ளே போய் இரண்டு போத்தல் கொண்டுவந்தாள். "இத வெச்சுக்கோ. ஒவ்வொரு போகமும் நான் தாறேன்."

"ஒவ்வொரு போகமுமா?"

"பூசினா வேரோட நின்டுடும். அடுத்த விதைக்குள்ள போகாது."

"என்ட செடியில எப்பிடிப் போச்சு?"

கைறுன்னிஸா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "பூ வழியா."

போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் ஆஸியா நினைத்திருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எடுத்துக்கொண்டாள். ஸலாம் சொல்லாமல் படியிறங்கினாள்.

ஒரு போத்தலை மிச்சமிருந்த விதையில் பூசி நட்டாள். பூ விட்டதும் மற்றதைத் தண்ணீரில் கலந்து, காலையில் வெயில் ஏறுமுன் விரிந்த பூக்களில் ஒவ்வொன்றாகத் தெளித்தாள். கணவன் இத்ரூஸ், "பூவுக்கு ஏன் மருந்து?" என்று கேட்டபோது அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

அடுத்த ஒக்டோபரில் அந்தச் செடிகளின் விதையை எதுவும் பூசாமல் ஆறு மேடைகளில் போட்டாள். மழை கொட்டியது. மூன்று மேடைகள் முழுதாகச் சாய்ந்தன. ஒன்றில் பாதி போனது. இரண்டில் கன்றுகள் நின்றன. பன்னிரண்டாம் நாளும் நின்றன. ஆஸியா ஈரமண்ணில் குந்தி ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள்.

இதை எப்படிச் செய்தாள் என்று சொன்னால் புரிந்துகொண்டு துள்ளிக் குதிக்கக்கூடியவள் ஒருத்திதான். ஆஸியாவின் விரல் போனில் அந்தப் பெயர்வரை போய்விட்டது.

"யாருக்கு எடுக்கிறீங்க?" என்று வரப்பிலிருந்து இத்ரூஸ் கேட்டான்.

"ஒருத்தருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் சாய்ந்த மேடைகளைக் கொத்தத் தொடங்கினாள்.