மகாராணி வாய் வெச்ச வைக்கோல்

டெய்லரக்கா வைக்கோல் ஏலத்துக்கு மாட்டையே கூட்டிட்டு வந்துட்டாங்க. மினி லாரியில இருந்து பலகை போட்டு இறக்கி, கயித்தப் புடிச்சு நேரா ஷெட்டுக்குள்ள!

மைக் புடிச்சிருந்தது அவங்க கூடப் பொறந்த தம்பி. ஏலம் விடறதுல ஆளு மின்னல். 'ஒரு தரம்'னு ஆரம்பிச்சான்னா நம்ம காதுல விழறதே 'மூணு தரம்'தான்.

"அக்கா, இது ஏலமா ஓட்டலா? மகாராணிய எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"கன்னு போட்டதுல இருந்து எதையும் தொட மாட்டேங்கறாடா. எத்தன வைக்கோல் வாங்கிப் போட்டாலும் மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கறா. பால் வத்துது, கன்னுக்குட்டி கத்துது. இன்னிக்கு அவளே பாத்து எடுக்கட்டும்."

"மைக் புடிச்சா நான் யாருக்கும் தம்பி இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"ஆமா, பெரிய ஜட்ஜு. மூக்கத் தொடச்சுக்கோ, தூசி ஒட்டியிருக்கு."

மெஷின்ல கட்டின பளபள கட்டெல்லாம் வரிசையா இருந்துச்சு. மகாராணி மோந்துச்சு, நகந்துச்சு. கடைசியா மூலையில, லாரி டிரைவர் ஒருத்தர் விக்கறதுக்காகக் கிழிஞ்ச துணியால கட்டி வெச்சிருந்த குவியல். அதுவரைக்கும் ஒருத்தனும் அதத் திரும்பிக்கூட பாக்கல. மகாராணி காது வரைக்கும் தலைய உள்ள விட்டுடுச்சு!

"தின்னுடி தங்கம், தின்னு," டெய்லரக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

வந்தது வினை. மொத்த ஷெட்டும் பாத்துட்டு இருந்துச்சே! மகாராணிக்கே புடிச்சிருக்குன்னா சும்மாவான்னு ஆளாளுக்குக் கை தூக்கினாங்க. ஒவ்வொருத்தரா கழண்டு, கடைசியில அக்காவும் பெரிய பண்ணைக்காரரும்தான் மிச்சம். அக்கா கையில இருந்த மொத்தத்தையும் சொல்லிட்டாங்க. பண்ணைக்காரர் அதுக்கும் மேல ஒண்ணு போட்டாரு. அக்கா தம்பியப் பாத்தாங்க. அவன் கூரையப் பாத்தான்.

"ஒரு தரம்..."

சொல்லிட்டு மைக்க வெச்சுட்டு அரை பாட்டில் தண்ணி குடிச்சான். "பின்னாடி கேக்குதா?"

"கேக்குது, கேக்குது!"

"ஒரு... தரம்." செருப்பக் கழட்டி உதறினான். மகாராணி பாட்டுக்கு சரக் சரக்னு மென்னுட்டே இருக்கு. குவியல் ஒரு பக்கமா சாயுது. லாரி டிரைவரோ, "தின்னட்டும் விடுங்கய்யா, என் சரக்குக்கு இன்னிக்குத்தான் மரியாதையே!"ன்னு பூரிச்சுப்போய் நிக்கறாரு.

"தம்பி, முன்ன எனக்கு மத்த கட்டெல்லாம் அரை மூச்சுல வித்தியே, இப்ப தொண்டையில என்ன?" பண்ணைக்காரர் கேட்டாரு.

"தூசிண்ணே. ரெண்ண்..."

"நீ மூணு சொல்றதுக்குள்ள எனக்குத் துணிதான் மிஞ்சும் போல!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. ஒரு கையில கயித்த இழுத்துக்கிட்டே இன்னொரு கையால ஊட்டி விட்டுட்டு இருந்த டெய்லரக்காவப் பாத்தாரு. "யம்மா, நான் விலகிக்கறேன். என் மாடுங்க போட்டத தின்னும். இவ வாயில இருந்து புடுங்கிட்டுப் போக என்னால ஆகாது."

"அக்கா கேட்டதுக்கு ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்! எங்கக்காவுக்கு!"

ஒரே மூச்சு. மைக்லயே சொல்லிட்டான். ஷெட்டே சிரிச்சுச்சு.

தின்னதுக்கும் சேத்து முழுக் காசையும் லாரி டிரைவர் கையில குடுத்துட்டு அக்கா தம்பிகிட்ட வந்தாங்க. "நீ யாருக்கும் தம்பி இல்லன்னியேடா?"

"மைக் ரிப்பேரு, அக்கா," அப்படின்னான். "சீக்கிரம் கூட்டிட்டுப் போ, ஒயர மோந்து பாக்கறா."