வாத்து முத்திரை கிளாரினெட்

எங்கப்பா போகும்போது எனக்கு ரெண்டு சொத்து விட்டுட்டுப் போனாரு. ஒண்ணு கிளாரினெட், இன்னொண்ணு சண்டை.

சண்டை சித்தப்பாவோட. அண்ணனும் தம்பியும் ஒரே பேண்டுல வாசிச்சவங்க, ஒரே நாள்ல ஒரே கடையில ஜோடியா பழைய கிளாரினெட் குழல் வாங்கினவங்க. ஒருநாள் மேடையில ரெண்டு குழலும் பூனைச் சண்டை மாதிரி கத்திடுச்சு. சுருதி விட்டது நீதான்னு அண்ணன் சொல்ல, நீதான்னு தம்பி சொல்ல, அன்னிக்கோட பேச்சும் நின்னுது, வாசிப்பும் நின்னுது. ரெண்டு பெட்டியும் அப்புறம் திறக்கவேயில்லை.

படுக்கையில கிடக்கும்போதும் அப்பா என் கையைப் பிடிச்சு, "என் குழல் சுத்தமான குழல். வேணும்னா விசாரிச்சுப் பாரு"ன்னாரு. விசாரிக்காம விடுவேனா? பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிற வம்சம் நாங்க. எவன் செஞ்சான், எந்தக் காலத்துச் சரக்குன்னு கண்டுபிடிச்சு, அப்பா சொன்னதுதான் சரின்னு சித்தப்பா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அதுக்காகவே தையல் கடையைப் பூட்டிட்டுக் கிளம்பினேன்.

குழல் ரிப்பேர்காரருக்கு வாய் ஒரு முழம். உலகத்துல இருக்கிற எல்லாக் குழலும் தன் கையைத் தொட்டுட்டுத்தான் போச்சுங்கிற நினைப்பு. லென்ஸை வெச்சுப் பார்த்தாரு. கட்டையில ஒரு பறவை முத்திரை. அது அன்னம்னு அப்பா வாழ்நாள் பூரா பெருமையடிச்சது. இவரு கொஞ்சம்கூட இரக்கமில்லாம வாத்துன்னுட்டாரு.

வாத்து போட்டது மூணே பேரு வேலை பார்த்த ஒரு சின்னப் பட்டறையாம், எப்பவோ மூடியாச்சு. வாத்து தலைக்கு மேல நட்சத்திரம் இருந்தா நூறு வருஷத்துக்கும் முந்தினது. அப்புறம் துளைகளைக் கொஞ்சம் இடம் மாத்தி, நட்சத்திரத்தையும் எடுத்துட்டாங்களாம். சொல்லிக்கிட்டே வந்தவரு சட்டுனு நிறுத்தினாரு.

"ஏம்மா, மேல் பாதியில நட்சத்திரம் இருக்கு, கீழ் பாதியில இல்லை. பூட்டினா பூட்டிக்கும், ஜென்மத்துக்கும் சுருதி சேராது. இதோட மிச்சப் பாதி வேற எவன்கிட்டயோ இருக்கு."

எவன்கிட்டன்னு எனக்குத் தெரியாதா? வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு, அங்க நின்னபடியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பெட்டியோட வாங்க, ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்னேன். மனுஷன் வந்துட்டாரு, பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு.

பெட்டியைத் திறந்தா, மேல் பாதி மொட்டை வாத்து, கீழ் பாதி நட்சத்திர வாத்து. ரிப்பேர்காரர் பாதிகளை மாத்திப் பூட்டி ஒவ்வொண்ணையும் ஒரு தடவை ஊதிக் காட்டினாரு. தேன் மாதிரி இருந்துச்சு. சித்தப்பா வாயைப் பொத்திக்கிட்டாரு. தோள் குலுங்குச்சு. அழறாரோன்னு பயந்துட்டேன், சிரிக்கிறாரு.

வாசிச்சு முடிச்சா ரெண்டு குழலையும் கழட்டிப் போட்டு, மேல் பாதி ரெண்டையும் அண்ணன் துடைப்பாராம், கீழ் பாதி ரெண்டையும் தம்பி துடைப்பாராம். அந்த மேடைக்கு முந்தின தடவை அரட்டையடிச்சுக்கிட்டே துடைச்சதுல எது எந்தப் பெட்டிக்குப் போச்சுன்னு எவன் பார்த்தான்? நான் கல்லாவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கிட்டார் கம்பி வாங்க வந்த ஆளும் எதுக்குன்னே தெரியாம சிரிச்சாரு.

"அந்த மேடையிலேர்ந்து இறங்கித்தான் முதல் தடவையா தனித்தனியா துடைச்சோம்"னாரு சித்தப்பா. "இன்னொரு தடவை சேர்ந்து துடைச்சிருந்தா, அதுவே மாறி வந்திருக்கும்."

அப்பா இல்லையேன்னு அந்த நிமிஷம்தான் நிஜமாவே வலிச்சுது. சித்தப்பா ஒரு குழலை எடுத்து வாசிச்சாரு, அடுத்து இன்னொண்ணை. விரல் தடுமாறுச்சு, சுருதி தடுமாறலை. எது அப்பாவோடதுன்னு கேட்டேன். ஞாபகமில்லைன்னாரு.

அப்புறம் ரெண்டையும் கழட்டினாரு. கீழ் பாதிகளைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, மேல் பாதிகளைத் துணியோட என் முன்னால தள்ளினாரு.

"துடை. வாத்தைப் பார்த்து வை."