ஒரு மணிக்கு மறுபடி ஊதணும்

லைனெஸ் தேவாலயத்துக்குப் போகும் சட்டையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். முலாஞ்சேயில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தூள் சலிக்கும் அறையில் ஒன்பது வருடம் வேலை. அங்கே மூச்சு இழுக்கிறது என்கிறாள். மேலாளர் நம்பவில்லை. ஆஸ்துமா என்று தாள் கொண்டுபோனால் வெளியே கொழுந்து பறிக்க மாற்றுவார். இல்லையென்றால் திங்களன்று மறுபடி அந்த அறை, அல்லது வேலையில்லை.

மூச்சை அளக்கும் கருவியின் குழாயைக் கொடுத்தேன்.

"நல்லா மூச்சை இழுங்க. ஒரே ஊதா ஊதுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

மூன்று முறை ஊதினாள். முதல் நொடியில் 2.31 லிட்டர். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் குறையில்லை.

பெஞ்சிலிருந்த கிழவர், "இதுக்கு என் மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்கணும். கூரையே போயிருக்கும்" என்றார்.

அடுத்து மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து ஊதவைக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ஆஸ்துமா. 2.31-க்கு மேல் ஏற இடமில்லை.

நாடி பிடித்தேன். நூற்றுப் பதினாறு. ஏற்கெனவே மூச்சு மருந்து எடுத்தவர்களுக்கு வருவதுபோல் அவள் விரல்கள் நடுங்கின.

"காலைல ஏதாவது மருந்து எடுத்தீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"லைனெஸ்."

இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நீல இன்ஹேலர்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணோடது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு தடவை அடிச்சேன். பெரியவங்க முன்னாடி இழுத்துக்கிட்டு நிக்கிறதா? மூஞ்சி கழுவாம யாராவது சம்பந்தி வீட்டுக்குப் போவாங்களா?"

"மருந்து இறங்கணும். ஒரு மணிக்கு மறுபடி ஊதணும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

"சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடணும். அந்தப் பொண்ணுக்கு வேற இல்ல."

இன்ஹேலரை மேசையில், அவள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தேன்.

பதினொரு மணிக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்றாள். பன்னிரண்டுக்கு இரும ஆரம்பித்தாள். பன்னிரண்டரைக்கு விசில் சத்தம் பெஞ்சின் மறுகோடிக்கும் கேட்டது. கிழவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். பேச முடிகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். முடிந்தது.

"தாங்கலேன்னா சொல்லுங்க. இப்பவே தர்றேன்."

மேசையைப் பார்த்தாள். தலையாட்டி மறுத்தாள்.

ஒரு மணிக்கு 1.58. மருந்து கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 2.14.

தாளில் இந்த இரண்டு எண்களையும், ஆஸ்துமா என்றும் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். லைனெஸ் 1.58-இன் மேல் விரல் வைத்தாள்.

"இதையும் மேலாளர் பார்ப்பாரா?"

"அதைத்தான் பார்க்கணும்."

"காலைல ஊதினது?"

"அது வேண்டாம்."

"அது நல்லா இருந்துச்சே" என்றாள். தாளை நான்காக மடித்து முடிச்சில் வைத்தாள். இன்ஹேலரை எடுத்து, வாய் வைக்கும் இடத்தைக் குழாயடியில் கழுவி, பக்கத்து வீட்டுப் பெண் பள்ளியிலிருந்து வருமுன் போய்ச் சேர வேகமாக நடந்தாள்.