மாமனாரை வைத்து ஒரு வாக்கியம்

வீட்டின் முன்கூடத்தில்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நாலு பெஞ்ச், ஒரு வெள்ளைப் போர்டு, சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு திரைச்சீலை. வாத்தியாருக்கு ஒரு கொள்கை உண்டு. புத்தகத்து உதாரணத்தைத் தொடவே மாட்டார்.

"ஜானும் மேரியும் உங்களுக்கு மாமனா, மச்சானா? உங்க வீட்டுல நடக்கிறதைச் சொல்லுங்க. அப்பதான் இங்கிலீஷ் நாக்குல ஒட்டும்" என்பார்.

சொல்வதோடு நிற்காமல், தன் வீட்டில் நடப்பதை முதல் ஆளாகப் போர்டில் எழுதுவார்.

கல்யாணமான புதிதிலிருந்து அந்தப் போர்டில் அவர் மனைவிதான் இருந்தாள். அவள் பாலைப் பொங்கவிட்டது, உடம்பு பெருத்துப் போனது, படிப்பைப் பாதியில் விட்டது எல்லாம் வாக்கியமாயின. வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகூட ஒருநாள் போர்டு ஏறியது. ஒரு கூட்டம் படித்துவிட்டுப் போக அடுத்த கூட்டம் வரும். பாடம் மாறாது. திரைக்குப் பின்னால் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டு, பேச வராவிட்டாலும் சொன்னது புரியும் அளவுக்கு அவளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

அப்புறம் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. மகன் கையை விரித்துவிட்டான். மகள் வீட்டில் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வாத்தியாரின் உதாரணம் மகளை விட்டு அப்பாவின்மேல் ஏறி உட்கார்ந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்பதுதான் உண்மை. அதை அவள் தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"புட் அப் வித்!" என்று வாத்தியார் போர்டைத் தட்டினார். "சகிச்சுக்கிட்டு இருக்கிறது. பிடிக்கலை, ஆனா வேற வழியில்லை. ஐ புட் அப் வித் மை ஃபாதர் இன் லா."

பெஞ்சுகள் குலுங்கின.

வகுப்பு முடிந்ததும் அப்பா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னம்மா, என்னைப் பத்தின பேச்சு மாதிரி இருந்துச்சே? ஃபாதர்னு காதுல விழுந்துச்சு."

"ஆமாப்பா. எங்க மாமனார் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டார்னு சொன்னார்."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"சந்தோஷத்துல சிரிக்கிறாங்கப்பா."

"அட!" அப்பா தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார். "என் பெத்த பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளை நாலு பேர் நடுவுல சொல்றாரு பாரு."

ஒரு பொய்யில் ருசி கண்டுவிட்டால் அடுத்தது தானாக வரும். மாமனார் மூக்கைச் சிந்துவதைச் சொன்னால், "உழைச்ச உடம்புன்னு சொன்னார்ப்பா." சாப்பாட்டை வாரி அடிப்பதைச் சொன்னால், "நல்லாச் சாப்பிடணும், தெம்பா இருக்கணும்னு சொன்னார்ப்பா." அப்பா தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். தேய்த்த சட்டை கேட்டார். நாற்காலியை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, அப்பாவை விட்டுடுங்களேன். பாவம், பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு."

"புரிஞ்சாத்தானே வலிக்கும்? அவருக்குத்தான் ஒண்ணும் புரியலையே."

"எனக்குப் புரியுதே."

"ஓ! அப்ப ஃபீஸ் வாங்காம ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒருநாள் வகுப்பு நடுவில் அவரே அறை வாசல் பக்கம் திரும்பி, "மாமா, உள்ள வாங்க. உங்களை வச்சுத்தான் இன்னைக்குப் பாடம்" என்றார்.

அப்பா தடியை ஊன்றி எழுந்தார். கல்யாண மேடைக்கு அழைத்தாற்போல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போர்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"சிட் டவுன்." வாத்தியார் கையால் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். "ஸ்டாண்ட் அப்." எழுந்தார். இடுப்பு பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "டர்ன் அரவுண்ட்." சுற்றினார். "பெண்ட் டவுன்." குனிந்தார். "ஸ்டாண்ட் அப். சிட் டவுன். ஸ்டாண்ட் அப்."

"சார், ஃபாஸ்டா!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

முன் பெஞ்சில் இருந்த நர்ஸ் பெண் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். திரையைப் பிடித்தபடி நின்ற மகள் ஓர் அடி எடுத்து வைத்தாள். வாத்தியார் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டாள்.

அப்பா வியர்த்து வழிந்து அறைக்குத் திரும்பினார். "கிளாஸ்லயே சேர்த்துக்கிட்டாரும்மா! கை தட்டினாங்க, கேட்டியா?"

"கேட்டேன்ப்பா." வெந்நீர் ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் போர்டில் எழுதியிருந்தது 'டிராப் ஆஃப்'.

"கொண்டுபோய் இறக்கிவிடுறது" என்றார் வாத்தியார். "நாளைக்குக் காலைல என் மாமனாரை ஒரு முதியோர் இல்லத்துல டிராப் ஆஃப் பண்றேன். இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க."

எல்லோரும் ராகம் போட்டுச் சொன்னார்கள்.

நர்ஸ் பெண் கேட்டாள். "சார், திரும்ப எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

"அது இந்தப் பாடத்துல இல்லைம்மா."

திரைக்குப் பின்னால் டீ பொங்கி அடுப்பை அணைத்தது.

வகுப்பு கலைந்ததும் அவள் வழியை மறித்து நின்றாள். "அப்பா எங்கயும் போகமாட்டாரு."

"யாரு இழுத்துட்டுப் போறாங்க? காலைல உன் முன்னாடியே கேக்கிறேன். வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இங்கயே இருக்கட்டும். நான் அதுக்கப்புறம் வாயே திறக்கமாட்டேன்."

"நிஜமாவா?"

"நான் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

அதுவும் சரிதான். அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். "அப்பா, நாளைக்கு அவர் கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லிடுங்க."

"ஏன்? நல்ல காத்தோட்டமான இடம், இடுப்புக்கு மருந்தெல்லாம் கொடுப்பாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னாரே?"

"திரும்பி வர்றதுக்கு இல்லப்பா, உங்களை அங்கயே விடுறதுக்கு. முதியோர் இல்லம். பாடத்துலயே சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க."

"போடி. என்னைப் பத்தி அவரு என்னைக்குத் தப்பாச் சொன்னாரு?"

"தினமும்தான்ப்பா. ஒருநாள்கூட நல்லதாச் சொன்னதில்லை. நான்தான் மாத்தி மாத்திச் சொன்னேன்."

அப்பா அவளையே பார்த்தார். "பொய் சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்ப? அப்பவா, இப்பவா?"

அவள் கட்டிலோரம் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்தாள்.

"நீ பள்ளிக்கூடத்தையே முடிக்கலை. உனக்கு ஏது இங்கிலீஷ்?" அப்பாவின் குரல் ஏறியது. "ஒத்தடம் கொடுத்துக் கை ஓஞ்சு போச்சுன்னா நேராச் சொல்லு. அந்த மனுஷன்மேல பழி போடாத. அவரு ஒருத்தர்தான் என்னை மனுஷனா மதிக்கிறாரு. அதுவும் உனக்குப் பொறுக்கலை."

"அப்பா, கால்ல விழறேன். ஒரு வார்த்தை, மாட்டேன்னு ஒரே வார்த்தை."

"எந்திரி. விளக்கை அணைச்சிட்டுப் போ."

காலையில் வாடகைக் கார் வந்து நின்றது. காலை வகுப்புக்கு வந்தவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். வாத்தியார் சொன்னபடியே எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மாமா, இஷ்டம் இல்லேன்னா வேணாம். இங்கயே இருங்க. உங்க மக நீங்க போகக்கூடாதுன்னு சொல்றா."

"அவளைக் கண்டுக்காதீங்க மாப்பிள்ளை. அவளுக்கு வயித்தெரிச்சல்."

"அப்ப வர்றீங்களா?"

"வராம? நீங்க கூப்பிட்டு நான் வராம இருப்பேனா?"

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. மாமனாரின் அக்குளில் கை கொடுத்து, தலை இடிக்காமல் குனியவைத்து, சீட்டில் உட்காரவைத்தார். பெல்ட்டை இழுத்து, சட்டை கசங்காமல் மாட்டிவிட்டு, தானும் மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

அவள் ஜன்னலைப் பிடித்தாள். "அப்பா..."

"பாத்தியா?" என்றார் அப்பா, பெல்ட்டைத் தடவிக்காட்டி. "வந்து உன்கிட்டப் பேசிக்கிறேன்."

கண்ணாடி ஏறியது. விரல்களை எடுத்துக்கொண்டாள்.

கார் முனை திரும்பிப் போனபின் வாசலில் ஒரு சலசலப்பு. பின் பெஞ்ச் ஆள் அவளிடம் வந்தான்.

"அக்கா, இன்னைக்குக் கிளாஸ் இருக்கா?"

"இருக்கு. உள்ள போய் உட்காருங்க" என்றாள். "சார் வந்துடுவாரு."